விசைப்பலகை உள்ளீட்டு நிகழ்வுகள்

விசைப்பலகை உள்ளீட்டு நிகழ்வுகள் என்பன, பயனர் ஒரு விசையை அழுத்தும்போதும், விடும்போதும், அதன் விளைவாக ஓர் எழுத்து உருவாகும்போதும் இயங்குதளம் ஒரு மேசைக்கணினிச் செயலிக்கு அனுப்பும் அறிவிப்புகள் ஆகும். வரைகலைப் பயனர் இடைமுகம் கொண்ட செயலிகள் பெரும்பாலும் நிகழ்வு சார்ந்த நிரலாக்க முறையில் எழுதப்படுகின்றன. இத்தகைய செயலி தானே சென்று விசைப்பலகையைப் படிப்பதில்லை. நிகழ்வு வந்து சேரும்வரை காத்திருந்து, வந்ததும் அதற்கென எழுதப்பட்ட நிகழ்வு கையாளி என்னும் செயற்கூற்றை இயக்குகின்றது.

ஆங்கிலத்தில் ஒரு விசை பெரும்பாலும் ஓர் எழுத்தைத் தருகின்றது. எனவே விசையும் எழுத்தும் ஒன்றே எனக் கொண்டு எழுதப்பட்ட நிரலும் பிழையின்றி இயங்குவது போலத் தோன்றும். தமிழில் இது பொருந்தாது. எடுத்துக்காட்டாக, "திருவண்ணாமலை" என்னும் ஊர்ப்பெயர் 7 எழுத்துகளைக் கொண்டது. தமிழ்99 விசைப்பலகையில் இதனைத் தட்டச்சு செய்ய 11 விசையழுத்தங்கள் தேவை. ஒருங்குறியில் இது 12 குறியெண்களாகச் சேமிக்கப்படுகின்றது. விசை, குறியெண், எழுத்து ஆகிய மூன்றையும் நிரலாளர் வேறுபடுத்திக் கையாண்டால்தான் ஒரு செயலியில் தமிழைச் சரியாக உள்ளிட முடியும்.

விசையழுத்தம் செயலியை அடையும் வழி

விசை ஒன்று அழுத்தப்படும்போது விசைப்பலகையின் உள்ளேயுள்ள நுண்கட்டுப்படுத்தி அவ்விசையின் இருப்பிடத்தைக் குறிக்கும் ஓர் எண்ணைக் கணினிக்கு அனுப்புகின்றது. விசையின் மேல் அச்சிடப்பட்டுள்ள எழுத்து எதுவென்பது விசைப்பலகைக்குத் தெரியாது. இயங்குதளத்தின் இயக்கி மென்பொருள் இவ்வெண்ணை வருடல் குறியெண்ணாகப் பெற்று, நடப்பிலுள்ள விசையமைப்பின் துணையுடன் மெய்நிகர் விசையெண்ணாக மாற்றுகின்றது. அதன் பின்னரே எழுத்து தீர்மானிக்கப்படுகின்றது.

ஆங்கில விசைப்பலகையில் "எல்" என அச்சிடப்பட்ட விசையைக் கருதலாம். விண்டோஸ் இயங்குதளத்தில் இதன் வருடல் குறியெண் 38, மெய்நிகர் விசையெண் 76 ஆகும். தமிழ்99 அமைப்பில் இதே விசை "த" எழுத்தைத் தருகின்றது. அவ்வெழுத்தின் ஒருங்குறிக் குறியெண் 2980. ஒரே விசைக்குரிய இம்மூன்று எண்களும் மூன்று வெவ்வேறு நிலைகளுக்கு உரியவை. ஒன்றற்குப் பதிலாக மற்றொன்றைப் பயன்படுத்துதல் கூடாது.

இவ்வாறு உருவான செய்தி, அந்நேரத்தில் உள்ளீட்டுக் குவியம் பெற்றிருக்கும் சாளரத்திற்குரிய செய்தி வரிசையில் சேர்க்கப்படுகின்றது. செயலியின் செய்திச் சுழற்சி அவ்வரிசையிலிருந்து செய்திகளை ஒவ்வொன்றாக எடுத்து உரிய சாளரத்திற்கு வழங்குகின்றது. ஒரு கையாளி நீண்ட நேரம் எடுத்துக்கொண்டால் வரிசை தேங்கிவிடும். பயனர் தட்டச்சு செய்தவை சிறிது நேரம் கழித்து மொத்தமாகத் திரையில் தோன்றுவதற்கு இது பொதுவான காரணமாகும். எனவே தரவுத்தளத் தேடல் போன்ற நெடும்பணிகளை விசை நிகழ்வின் கையாளிக்குள் செய்யாது, தனி இழைக்கு மாற்றுதல் வேண்டும்.

நிகழ்வுகளின் வகைகள்

பெரும்பாலான நிரலாக்கச் சூழல்களில் மூன்று வகையான நிகழ்வுகள் காணப்படுகின்றன.

- விசை அழுத்த நிகழ்வு: விசை கீழே செல்லும்போது நிகழ்வது. விசையை விடாது அழுத்திப் பிடித்தால் இது மீண்டும் மீண்டும் வரும். விண்டோஸில் இச்செய்தியுடன் வரும் கூடுதல் தகவலைக் கொண்டு, அது முதல் அழுத்தமா மறுநிகழ்வா என அறியலாம்.
- எழுத்து நிகழ்வு: விசையழுத்தத்தின் விளைவாக ஓர் எழுத்துக் குறியெண் உருவானதைத் தெரிவிப்பது. அம்புக்குறி விசைகள், செயற்பாட்டு விசைகள் ஆகியவற்றிற்கு இந்நிகழ்வு இல்லை.
- விசை விடுப்பு நிகழ்வு: விசை மேலெழும்போது நிகழ்வது.

விண்டோஸில் இவை முறையே கீடவுன், கேர், கீஅப் எனப் பெயரிட்ட செய்திகளாக வருகின்றன. டாட்நெட் படிவங்களில் கீடவுன், கீபிரஸ், கீஅப் எனவும், ஜாவாவில் கீபிரஸ்டு, கீடைப்டு, கீரிலீஸ்டு எனவும் இவை பெயர் பெறுகின்றன. பெயர்கள் ஒன்றையொன்று ஒத்திருப்பதால் குழப்பம் நேர்வதுண்டு. டாட்நெட்டில் "கீபிரஸ்" என்பது எழுத்து நிகழ்வு. ஜாவாவில் "கீபிரஸ்டு" என்பது விசை அழுத்த நிகழ்வு.

எந்த நிகழ்வைக் கையாள்வது என்பது நோக்கத்தைப் பொறுத்தது. விளையாட்டொன்றில் உருவத்தை இடமும் வலமும் நகர்த்த விசையின் இருப்பிடமே முக்கியம். அதற்கு விசை அழுத்த நிகழ்வு ஏற்றது. குறுக்கு விசைகளுக்கு மெய்நிகர் விசையெண் ஏற்றது. உரையைப் பெறுவதற்கு இவ்விரண்டும் ஏற்றவையல்ல. உரை, எழுத்து நிகழ்வின் வழியாகவோ உள்ளீட்டு முறை நிகழ்வின் வழியாகவோ மட்டுமே பெறப்படுதல் வேண்டும்.

தமிழ் விசையமைப்புகள்

தமிழுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட விசையமைப்புகள் பயன்பாட்டில் உள்ளன. நிகழ்வுகளின் நோக்கில் இவை ஒன்றிலிருந்து ஒன்று பெரிதும் மாறுபடுகின்றன.

தட்டச்சுப் பொறியின் வழிவந்த அமைப்பில், எழுத்துகள் கண்ணுக்குத் தோன்றும் வரிசையில் தட்டச்சு செய்யப்படுகின்றன. "லை" என எழுத முதலில் இணைக்கொம்பும் பின்னர் லகரமும் அழுத்தப்படும். ஒருங்குறியில் உயிர்க்குறி மெய்க்குப் பின்னரே சேமிக்கப்படுவதால், உள்ளீட்டு மென்பொருள் கொம்பை நினைவில் நிறுத்தி, அடுத்த விசை வந்த பின்னர் வரிசையை மாற்றித் தரவேண்டும்.

இன்ஸ்கிரிப்ட் அமைப்பு இந்திய மொழிகள் பலவற்றிற்கும் பொதுவாக 1986 ஆம் ஆண்டில் உருவாக்கப்பட்டது. இதில் உயிரெழுத்துகளுக்கும் உயிர்க்குறிகளுக்கும் தனித்தனி விசைகள் உள்ளன. எனவே ஒரு விசைக்கு ஒரு குறியெண் என்னும் எளிய முறை பெரும்பாலும் போதுமானது. விண்டோஸ் 2000 இயங்குதளம் தமிழ் ஒருங்குறிக்கு ஆதரவளித்தபோது இவ்வமைப்பே அதனுடன் வந்தது.

1999 ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம் சென்னையில் நடைபெற்ற தமிழ்நெட்99 மாநாட்டைத் தொடர்ந்து தமிழ்99 விசைப்பலகை உருவானது. தமிழ்நாடு அரசு அதே ஆண்டில் இதனைத் தரப்பட்ட விசைப்பலகையாக ஏற்றுக்கொண்டது. இதில் உயிரெழுத்து விசைகள் இடப்புறமும் மெய்யெழுத்து விசைகள் பெரும்பாலும் வலப்புறமும் அமைந்துள்ளன. உயிர்க்குறிகளுக்குத் தனி விசைகள் இல்லை. மெய்க்குப் பின் உயிர் விசையை அழுத்தினால் உயிர்மெய் கிடைக்கின்றது. ஒரே மெய்யை இருமுறை அழுத்தினால் முதல் மெய் தானாகப் புள்ளி பெறுகின்றது. ங்க, ஞ்ச, ண்ட, ந்த, ம்ப, ன்ற ஆகிய இணைகளிலும் புள்ளி தானாக இடப்படுகின்றது. இவ்விதி வேண்டாத இடத்தில் இடையே அகர விசையை அழுத்துதல் வேண்டும்.

ஒலியியல் முறைகளில் ஆங்கில எழுத்துகளின் ஒலியைக் கொண்டு தமிழ் தட்டச்சு செய்யப்படுகின்றது. மலேசியாவைச் சேர்ந்த முத்து நெடுமாறன் உருவாக்கிய முரசு அஞ்சல் மென்பொருளின் அஞ்சல் முறை இவற்றுள் பரவலாக அறியப்பட்டதாகும்.

எடுத்துக்காட்டு: "திருவண்ணாமலை"

தமிழ்99 அமைப்பில் இச்சொல் பின்வருமாறு உருவாகின்றது. ஒவ்வொரு வரியிலும் அழுத்தப்பட்ட விசையும், அதன் பின்னர் திரையில் தோன்றுவதும் தரப்பட்டுள்ளன.

1. த – த
2. இ – தி
3. ர – திர
4. உ – திரு
5. வ – திருவ
6. ண – திருவண
7. ண – திருவண்ண
8. ஆ – திருவண்ணா
9. ம – திருவண்ணாம
10. ல – திருவண்ணாமல
11. ஐ – திருவண்ணாமலை

இரண்டாம் அடியில் அழுத்தப்பட்டது இகர விசை. சொல்லின் தொடக்கத்தில் அழுத்தப்பட்டிருந்தால் இவ்விசை "இ" எழுத்தை, அதாவது 2951 என்னும் குறியெண்ணைத் தந்திருக்கும். தகரத்திற்குப் பின் வந்ததால் உயிர்க்குறியை, அதாவது 3007 என்னும் குறியெண்ணைத் தருகின்றது. ஏழாம் அடியில் ஒரே விசையழுத்தம் புள்ளியையும் ணகரத்தையும் சேர்த்து இரண்டு குறியெண்களைத் தருகின்றது. ஆகவே ஒரு விசையின் பொருள் அதற்கு முன் வந்ததைப் பொறுத்தது என்பதும், ஒரு விசை ஒன்றுக்கு மேற்பட்ட எழுத்து நிகழ்வுகளைத் தோற்றுவிக்கலாம் என்பதும் விளங்கும்.

அஞ்சல் முறையில் இதே சொல்லுக்கு 16 விசையழுத்தங்கள் தேவை. முதலில் "டி" விசையை அழுத்தினால் "ட்" தோன்றும். அடுத்து "எச்" விசையை அழுத்தியதும் அது நீங்கி "த்" தோன்றும். பின்னர் "ஐ" விசையை அழுத்தியதும் புள்ளி நீங்கி "தி" ஆகும். முன்னர் உள்ளிட்டதை அழித்து மாற்றுதல் இம்முறையில் இயல்பான பகுதியாகும். இன்ஸ்கிரிப்ட் அமைப்பில் இச்சொல்லுக்கு 12 விசைகள் தேவை. மூன்று முறைகளிலும் இறுதியில் கிடைக்கும் உரை ஒன்றே. செயலி நம்பக்கூடியதும் அந்த உரையை மட்டுமே.

உள்ளீட்டு மென்பொருள்கள் இயங்கும் முறைகள்

தமிழ் விசையமைப்புகளை மூன்று வழிகளில் செயற்படுத்தலாம்.

முதலாவது, இயங்குதளத்தின் விசையமைப்புக் கோப்பு. இது ஒரு விசைக்கு உரிய எழுத்தைத் தரும் எளிய அட்டவணை. இன்ஸ்கிரிப்ட் போன்றவற்றுக்கு இது போதும். முன் வந்த எழுத்தை நோக்கும் தமிழ்99 விதிகளுக்கு இது போதாது.

இரண்டாவது, கொக்கி எனப்படும் இடைமறிப்பு முறை. இம்முறையில் தனி மென்பொருள் ஒன்று, விசை நிகழ்வு செயலியை அடையுமுன்னரே அதனைப் பிடித்து நிறுத்தி, அதற்குப் பதிலாகத் தமிழ்க் குறியெண்களைச் செயற்கை நிகழ்வுகளாக அனுப்புகின்றது. மாற்றம் தேவைப்படும்போது பின்னழிப்பு விசையையும் செயற்கையாக அனுப்புகின்றது. விண்டோஸில் இவ்வாறு அனுப்பப்படும் ஒருங்குறி எழுத்துகள் 231 என்னும் பொதுவான மெய்நிகர் விசையெண்ணுடன் வருகின்றன. விசை அழுத்த நிகழ்வை மட்டும் நோக்கும் செயலிக்கு எல்லாத் தமிழ் எழுத்துகளும் ஒரே விசையாகவே தெரியும்.

இம்முறைக்குச் சில வரம்புகள் உள்ளன. இடைமறிக்கும் மென்பொருள் தான் அனுப்பியதை மட்டுமே அறியும். சாளரத்தில் ஏற்கெனவே உள்ள உரையை அறியாது. பயனர் சுட்டியால் வேறிடத்தைச் சொடுக்கிய பின் உயிர் விசையை அழுத்தினால், உயிர்மெய் வரவேண்டிய இடத்தில் தனி உயிர் வரலாம். விண்டோஸ் விஸ்டாவிலிருந்து, சாதாரண உரிமையுடன் இயங்கும் மென்பொருள் நிருவாகி உரிமையுடன் இயங்கும் சாளரத்திற்குச் செயற்கை நிகழ்வுகளை அனுப்ப முடியாது. கடவுச்சொற்கள் உட்பட அழுத்தப்படும் விசைகளை எல்லாம் அறியக்கூடியது என்பதால், விசைப்பதிவு செய்யும் தீய மென்பொருள்களும் இதே வழியைப் பயன்படுத்துகின்றன. தமிழ் உள்ளீட்டு மென்பொருளை நம்பத்தகுந்த இடத்திலிருந்து பெறவேண்டும் என்பதற்கு இதுவே காரணம்.

மூன்றாவது, உள்ளீட்டு முறைச் சட்டகம். விண்டோஸ் எக்ஸ்பியிலிருந்து உரைச் சேவைச் சட்டகம், மேக் இயங்குதளத்தின் உள்ளீட்டு முறைகள், லினக்ஸில் ஸ்கிம், ஐபஸ், எஃப்சிட்எக்ஸ் ஆகியன இவ்வகையின. இவற்றில் செயலியும் உள்ளீட்டு முறையும் வரையறுக்கப்பட்ட வழியில் உரையாடுகின்றன. இன்னும் முடிவாகாத உரை முன்தொகுப்பு உரை எனவும், முடிவானது உறுதியான உரை எனவும் தனித்தனியே தெரிவிக்கப்படுகின்றன. இடஞ்சுட்டியைச் சுற்றியுள்ள உரையை உள்ளீட்டு முறை செயலியிடம் கேட்டறியவும் இயலும். லினக்ஸில் எம்17என் நூலகம் தமிழ்99, தட்டச்சு, இன்ஸ்கிரிப்ட், ஒலியியல் ஆகிய அமைப்புகளை இச்சட்டகங்களுக்கு வழங்குகின்றது. வேலண்ட் காட்சியமைப்பில் ஒரு செயலி பிற செயலிகளின் விசைகளை இடைமறிக்க இயலாததால், இவ்வழி கட்டாயமாகின்றது.

முகுந்தராஜ் உருவாக்கிய எ-கலப்பை மென்பொருளின் தொடக்கப் பதிப்புகள் கீமேன் என்னும் விசைப்பலகை மேலாண்மை மென்பொருளை அடிப்படையாகக் கொண்டிருந்தன. சென்னையின் நியூ ஹொரைசன் மீடியா நிறுவனம் வெளியிட்ட என்.எச்.எம். ரைட்டர் மென்பொருளும் விண்டோஸ் பயனரிடையே பரவலானது.

பொதுவான வழுக்கள்

ஊர்ப்பெயர் கேட்கும் படிவம் ஒன்றில் "திருவண்ணாமலை" என உள்ளிடப்படுவதாகக் கொண்டால், பின்வரும் வழுக்கள் நேரலாம்.

- எழுத்து வடிகட்டி: எண்களையும் குறியீடுகளையும் தடுக்கும் நோக்கில், எழுத்து நிகழ்வில் வரும் குறியெண் ஒவ்வொன்றும் "எழுத்தா" எனச் சில செயலிகள் சோதிக்கின்றன. ஒருங்குறி உயிர்க்குறிகளையும் புள்ளியையும் எழுத்துகளாக அல்லாது குறிகளாக வகைப்படுத்துவதால் அவை தள்ளப்படுகின்றன. படிவத்தில் "தரவணணமல" என்பதே எஞ்சும்.
- நீள வரம்பு: புலத்தின் நீளம் 10 எனக் குறிக்கப்பட்டிருந்தால், 7 எழுத்துச் சொல்லானபோதிலும் "திருவண்ணாம" என அது வெட்டப்படும். யூ.டி.எஃப்-8 குறியேற்றத்தில் இச்சொல் 36 எண்ணுண்மிகள் கொண்டது. எண்ணுண்மிக் கணக்கில் வெட்டினால் கடைசிக் குறியெண் உடைந்து பொருளற்றதாகலாம்.
- விசை விடுப்பில் தேடல்: விசை விடப்படும்போதெல்லாம் தேடும் செயலியில், சுட்டியால் ஒட்டப்பட்ட உரைக்கோ திரை விசைப்பலகையால் உள்ளிடப்பட்ட உரைக்கோ தேடல் நிகழாமற் போகலாம். உரை மாற்ற நிகழ்வைப் பயன்படுத்துதல் இதற்குத் தீர்வாகும்.
- நுழைவு விசை: சொற்பரிந்துரைப் பட்டியலில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க அழுத்தப்பட்ட நுழைவு விசையைப் படிவத்தைச் சமர்ப்பிக்கும் கட்டளையாகச் செயலி எடுத்துக்கொள்ளும். விண்டோஸில் உள்ளீட்டு முறை கையாளும் விசைகள் 229 என்னும் விசையெண்ணுடன் வருவதைக் கொண்டு இதனைத் தவிர்க்கலாம்.
- குறுக்கு விசைகள்: லினக்ஸின் எக்ஸ் சாளர முறைமையில் தமிழ்99 அமைப்பு நடப்பில் இருக்கும்போது, சேமிப்பதற்கான கன்ட்ரோல்-எஸ் குறுக்கு விசை "கன்ட்ரோல்-இ" ஆக வரலாம். எழுத்தைக் கொண்டு ஒப்பிடும் செயலி சேமிக்காது. இலத்தீன் விசைத் தொகுதியையும் சரிபார்த்தல் வேண்டும்.
- கடவுச்சொல் புலம்: எழுத்துகள் மறைக்கப்படுவதால் தமிழ் முறை நடப்பில் இருப்பதைப் பயனர் அறியமாட்டார். இப்புலத்தில் உள்ளீட்டு முறையை நிறுத்துவதோ நடப்பு மொழியைக் காட்டுவதோ நன்று.

இவ்வழுக்களுள் பல பிழைச்செய்தி எதனையும் தருவதில்லை. பெயர் தவறாகப் பதிவாகின்றது. பின்னர் அப்பெயரைத் தேடும்போது அது கிடைப்பதில்லை. பயனர் ஆங்கிலத்திலேயே பதியத் தொடங்குவார். அச்செயலியில் தமிழுக்குத் தேவை இல்லை என்னும் தவறான முடிவுக்கு நிரலாளர் வருவதற்கும் இது வழிவகுக்கும்.

அழித்தலும் ஒப்பிடுதலும்

பின்னழிப்பு விசை எவ்வளவு அழிக்கவேண்டும் என்பதும் வடிவமைப்பின் பகுதியாகும். விண்டோஸின் வழமையான உரைப்பெட்டியில், "லை" என்பதன் பின் பின்னழிப்பை அழுத்தினால் உயிர்க்குறி மட்டும் நீங்கி "ல" எஞ்சும். எழுத்தின் முன்னின்று நீக்கு விசையை அழுத்தினால் முழு எழுத்தும் நீங்கும். உரையைத் தானே வரையும் செயலி இவ்விரண்டையும் தானே செயற்படுத்தவேண்டும். ஒருங்குறியின் எழுத்துத் தொகுதி விதிகள் இதற்கு உதவுகின்றன. எனினும் க்ஷ, ஸ்ரீ ஆகியன வாசகருக்கு ஓரெழுத்தாகத் தோன்றினும் அவ்விதிகளின்படி இரு தொகுதிகளாகும்.

ஒரே தோற்றமுடைய உரை இரு வகையாகச் சேமிக்கப்படவும் கூடும். ஒகர உயிர்க்குறி 3018 என்னும் ஒரே குறியெண்ணாகவோ, 3014, 3006 என்னும் இரு குறியெண்களாகவோ வரலாம். திரையில் இரண்டும் "கொ" என ஒன்றுபோலவே தோன்றும். ஒப்பிடுமுன் உரையை இயல்பாக்கம் செய்யாவிடில், ஒரு விசையமைப்பில் பதிந்த பெயரை மற்றொன்றில் தேடிக் காண இயலாது.

சோதித்தல்

தமிழ் அறியாத நிரலாளரும் தம் செயலியைச் சோதிக்க இயலும். தமிழ்99, இன்ஸ்கிரிப்ட், ஒலியியல் ஆகிய மூன்று முறைகளிலும் "திருவண்ணாமலை" எனத் தட்டச்சு செய்து, சேமிக்கப்பட்ட உரை மூன்றிலும் ஒரே 12 குறியெண்களாக உள்ளதா எனப் பார்த்தல் முதற்படி. பின்னர் அச்சொல்லை ஒட்டுதல், சொல்லின் நடுவே சுட்டியால் சென்று திருத்துதல், கடைசியிலிருந்து பின்னழிப்பால் அழித்தல், தமிழ் முறை நடப்பில் இருக்கும்போதே சேமிப்புக் குறுக்கு விசையை அழுத்துதல் ஆகியவற்றைச் சோதிக்கலாம்.

இயங்குதளமோ கியூட்டி, ஜிடிகே போன்ற கருவித்தொகுதியோ வழங்கும் வழமையான உரைப்பெட்டியைப் பயன்படுத்தும் செயலிகள் இச்சோதனைகளுள் பெரும்பாலானவற்றில் கூடுதல் நிரலின்றியே வெற்றி பெறும். தனிப்பட்ட உரைப்பெட்டி தேவையெனில், விசை நிகழ்வை முதலில் உள்ளீட்டு முறைக்கு வழங்கி, அது ஏற்காத விசைகளை மட்டும் செயலி கையாளுதல் சரியான ஒழுங்காகும். ஜிடிகேயில் உள்ளீட்டுச் சூழலின் விசை வடிகட்டியும், கியூட்டியில் உள்ளீட்டு முறை நிகழ்வும், மேக் இயங்குதளத்தில் உரை உள்ளீட்டு நெறிமுறையும் இதற்கென அமைந்தவை.